ஆடிட்டர் மேசை இழுப்பறையில் என் கையெழுத்து

கேள்வி: ஐயா, கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துண்டும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது நானும் என் கொழுந்தனாரும் டைரக்டர்கள். ஜி.எஸ்.டி., வருமான வரி எல்லாவற்றுக்கும் கணினியில் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போடும், பென் டிரைவ் போன்ற டோக்கன்கள் கணவர் காலத்திலிருந்தே ஆடிட்டர் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. பாஸ்வேர்டை டோக்கன் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். போன மாதம் என்னுடையது காலாவதியாகிப் புதிதாக எடுத்தார்கள். செல்போனில் வீடியோ பதிவு செய்து கொடுத்ததோடு சரி, டோக்கனை நான் கண்ணால் பார்க்கவில்லை. கோவையில் படிக்கும் மகள் இதைக் கேட்டுவிட்டுச் சண்டை போடுகிறாள்.

இன்னும் மூன்று சந்தேகங்கள். அந்த அலுவலகத்துப் பையன் மாதம் ஒரு முறை டோக்கன்களோடு எங்கள் அலுவலகத்துக்கே வந்து பைல் செய்வான். அப்போது குரோமில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தி உள்ளே போகிறான். அது சரியா? கையெழுத்துப் போடும்போது வரும் பட்டியலில் என் பெயர் இரண்டு முறையும் கணவர் பெயர், கொழுந்தனார் பெயர் ஒவ்வொரு முறையும் இருக்கின்றன. எதையாவது அழித்தால் ஜி.எஸ்.டி. நின்றுவிடுமா? கடைசியாக, ஒரு நாள் இணையப் பக்கம் எதுவும் திறக்கவில்லை என்று வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர், வாட்ஸ்அப்பில் ஒரு 'சர்டிபிகேட்' கோப்பை அனுப்பி, அதை 'டிரஸ்டட் ரூட்' என்ற இடத்தில் போட்டுவிட்டுப் போனார். அதனால் ஆபத்து உண்டா?

— பெயர் வேண்டாம், கரூர்

பதில்: அன்புள்ள அம்மா,

மகள் சண்டை போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டோக்கன் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கடைசியாகக் கேட்ட அந்த வாட்ஸ்அப் கோப்பைப் பார்த்துவிடலாம். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும். இது இன்று விளக்கு வைப்பதற்குள் முடிய வேண்டிய வேலை.

வங்கியின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அது உண்மையிலேயே அந்த வங்கிதானா என்று உங்களுக்காகப் பார்த்துச் சொல்வது பிரவுசர். வங்கியின் தளம், தான் யார் என்று காட்டும் மின்னணுச் சான்றிதழை நீட்டும். அதில் கையொப்பமிட்டது யார், அவருக்கு மேலே கையொப்பமிட்டது யார் என்று பிரவுசர் படிப்படியாக ஏறிப் போய், கடைசியில் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பட்டியலில் வந்து நிற்கும். அந்தப் பட்டியலில் இருப்பவைதான் ரூட் சான்றிதழ்கள். பிரவுசரோ விண்டோஸோ வரும்போதே கொண்டுவருகிற பட்டியல் அது. பத்திரம் உண்மையா என்பதற்குச் சார்பதிவாளர் அலுவலக முத்திரையைப் பார்க்கிறோம் அல்லவா, முத்திரை சரியாக இருந்தால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ரூட் என்பது அந்த முத்திரை. கடைக்காரர் உங்கள் கணினியில் வைத்துவிட்டுப் போனது அப்படி ஒரு முத்திரையை. அந்த முத்திரையைக் குத்த உதவும் சாவி, அதாவது ரகசியக் குறியீடு, யாரிடம் இருக்கிறதோ, அவரால் எந்த வங்கியின் பெயரிலும் எந்த அரசுத் தளத்தின் பெயரிலும் ஒரு சான்றிதழ் செய்துகொள்ள முடியும். இணைப்புக்கு நடுவில் உட்காரவும் அவருக்கு வழி இருந்தால், உங்கள் கணினி முகம் சுளிக்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். வைஃபை ரவுட்டரை வைத்துக் கொடுத்தவரும் அதே கடைக்காரர்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் யாரோ சொன்ன வைத்தியத்தை அப்படியே செய்திருப்பார். ஆனால் இந்த வழியில் பெரிய இடங்களே சறுக்கியிருக்கின்றன. 2015 தொடக்கத்தில் லெனோவோ மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் ஒன்று தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வந்தது தெரியவந்தது. மறையாக்கப்பட்ட பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைப்பதற்காக அது ஒரு ரூட்டைப் போட்டிருந்தது. எல்லாக் கணினியிலும் ஒரே சாவி. அந்தச் சாவியின் பாஸ்வேர்டையும் ஆராய்ச்சியாளர்கள் உடைத்துவிட்டார்கள். 2019 ஜூலையில் கஜகஸ்தான் அரசு தன் ரூட்டைக் கணினியிலும் செல்போனிலும் நிறுவும்படி மக்களிடம் சொன்னது. ஆகஸ்டில் குரோமும் பயர்பாக்ஸும் சஃபாரியும் அதைத் தடுத்துவிட்டன.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் சில முகவரிகளுக்கு இந்தியாவிலிருந்து அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. அவை தேசிய தகவலியல் மையத்தின், அதாவது என்.ஐ.சி.யின், சான்றளிப்புப் பிரிவின் வழியாக வந்தவை. மறுநாளே, சான்றளிக்கும் நிறுவனங்களை மேற்பார்க்கும் மத்திய கட்டுப்பாட்டாளர் (சி.சி.ஏ.), ரூட்டுக்கு அடுத்த படியில் இருந்த அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். அப்போது விண்டோஸின் பட்டியலில் இந்திய ரூட் இருந்தது, பயர்பாக்ஸின் சொந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பயர்பாக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சான்றிதழ்களால் பாதிப்பில்லை. ஒரே கணினி, ஒரே பக்கம், இரண்டு பிரவுசரில் இரண்டு விதமான பதில் ஏன் வருகிறது என்று பலரும் கேட்பார்கள். யார் முத்திரையை நம்புவது என்று ஒவ்வொன்றும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது, அதுதான் காரணம்.

சரி, செய்ய வேண்டியது இது. குரோமில் 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'செக்யூரிட்டி', அதன் அடியில் 'மேனேஜ் சர்டிபிகேட்ஸ்'. அங்கே குரோம் தானே கொண்டுவந்த பட்டியல் தனியாகவும், விண்டோஸிலிருந்து எடுத்துக்கொண்டவை தனியாகவும் இருக்கும். முதல் பட்டியலைத் தொடவேண்டாம். இரண்டாவதில் என்னென்ன பெயர்கள் என்று பாருங்கள். உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருக்கலாம், அதுவும் பக்கங்களைச் சோதிப்பதற்காக ஒன்று போட்டிருக்கும். 'சி.சி.ஏ. இந்தியா' என்று ஆண்டுடன் ஒன்றிரண்டு இருக்கலாம். அது இந்தியக் கட்டுப்பாட்டாளரின் ரூட். உங்கள் டோக்கன் மென்பொருளோடு வந்திருக்கும், இருக்க வேண்டியதுதான். இவை தவிர, கடை பெயரோ, எந்தக் கம்பெனி என்றே புரியாத பெயரோ இருந்தால், விண்டோஸ் தேடல் பெட்டியில் 'மேனேஜ் யூசர் சர்டிபிகேட்ஸ்' என்று தேடித் திறந்து, இடது பக்கம் 'டிரஸ்டட் ரூட்' அடுக்குக்குள் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து நீக்கிவிடுங்கள்.

கடைக்காரர் அனுப்பியதும் 'சி.சி.ஏ. இந்தியா' என்ற பெயரில்தான் இருக்கிறதா? அப்போதும் அதை நீக்குங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டாளரின் அரசுத் தளத்திலிருந்து உங்கள் மகளை விட்டு இறக்கச் சொல்லுங்கள். அன்று அதை நிறுவும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டியிருக்கும்: இந்தச் சான்றிதழ் உண்மையில் அவர்களுடையதுதானா என்று என்னால் உறுதி செய்ய முடியாது, இதை நிறுவினால் இவர்கள் தரும் எல்லாவற்றையும் நான் நம்பிவிடுவேன், சம்மதமா என்று. விண்டோஸ் இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் இடங்கள் குறைவு. அதிலும் 'எஸ்' அழுத்திவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். நீக்கி முடித்ததும், வங்கிப் பாஸ்வேர்டை வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள். உங்கள் செல்போனே போதும், அலுவலக வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு.

அன்று பக்கங்கள் ஏன் திறக்கவில்லை என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. கணினியின் கடிகாரத்தைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்துவிட்டால், கரன்ட் போய் வரும்போது கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். பிரவுசருக்கு அப்போது உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காத பிள்ளைதான். ஒரு தளம் மட்டும் சிவப்பாக வந்தால் கோளாறு தளத்தில். எல்லாத் தளமும் சிவப்பாக வந்தால் கோளாறு உங்கள் மேசையில். இதை மட்டும் நினைவில் வையுங்கள். சின்னப் பேட்டரியில் முடிய வேண்டியதை ரூட் சான்றிதழ் வரை கொண்டுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கணினியாக இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம்: 2021 செப்டம்பர் 30 அன்று பழைய ரூட் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பல கருவிகளில் நல்ல தளங்களும் திறக்காமல் போயின. விண்டோஸ் 7க்குக் குரோம் 109தான் கடைசிப் பதிப்பு, 2023 பிப்ரவரியில் குரோம் 110 வந்ததோடு அதுவும் முடிந்தது. அந்தக் கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

இப்போது பையன் அழுத்தும் 'அட்வான்ஸ்டு'. இதில் எனக்கே சங்கடம் உண்டு. ஏனென்றால் ஒரே ஒரு இடத்தில் அவன் செய்வது சரி.

ஒரு காலத்தில் டோக்கனில் இருக்கும் கையெழுத்தைப் பிரவுசர் எட்டுவதற்கு ஜாவா என்ற செருகல் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பத்து அனுமதி கொடுத்து அதை ஓட்டினோம். பாதுகாப்பில்லை என்று குரோம் 2015-இல் அதை நிறுத்தியது, பயர்பாக்ஸ் 2017-இல் நிறுத்தியது, எக்ஸ்ப்ளோரரே 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. ஆனால் டோக்கன் போகவில்லை. அதனால் 'எம்சைனர்' போல ஒரு சிறு நிரலை உங்கள் கணினிக்குள்ளேயே ஓடவிட்டு, ஜி.எஸ்.டி. பக்கம் அதனுடன் பேசும்படி செய்தார்கள். அந்த நிரலின் முகவரி 127.0.0.1, அதன் பின்னால் 1585 என்ற எண். 127.0.0.1 என்றால் இதே கணினி என்று பொருள், வேறு எங்கும் இல்லை. தன்னிடமே பேசிக்கொள்ளும் இணைப்புக்கு வெளியார் யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். அதனால் பிரவுசர் சிவப்பு காட்டும். அங்கே 'அட்வான்ஸ்டு', 'புரொசீட்' என்று போவதைத் தவிர வழியில்லை, 'எம்சைனரை மறுபடி தொடங்கவும்' என்று அடம்பிடிக்கும் நாட்களில் எல்லோரும் செய்கிற வைத்தியமும் அதுதான்.

சங்கடம் என்னவென்றால், ஒரு நல்ல பூட்டை வைத்துவிட்டு, மாதம் ஒரு முறை அதை உடைத்துத் திறக்கப் பழக்கிவிட்டோம். பழகிய கை எங்கும் அதையே செய்யும். எனவே அடுத்த முறை பையன் வரும்போது அவன் தோளுக்குப் பின்னால் நின்று முகவரிப் பட்டையை மட்டும் பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தின் பெயரோ, வருமான வரித் தளத்தின் பெயரோ, வங்கியின் பெயரோ இருந்து அதற்குச் சிவப்பு வந்தால், கையை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் கணினித் தேதி, பிறகு செல்போன் இணைப்பில் அதே பக்கம் திறக்கிறதா என்ற சோதனை. அங்கே திறந்து, இங்கே சிவந்தால், உங்கள் அலுவலக இணைப்பிலோ கணினியிலோ யாரோ நடுவில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சில தளங்களில் 'புரொசீட்' என்ற வழியே வராது. அது கோளாறு இல்லை, குறுக்கு வழி கொடுக்காதே என்று அந்தத் தளமே பிரவுசரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறது.

பச்சைப் பூட்டு இருந்தால் போதும் என்று பழைய அறிவுரை ஒன்று உலவுகிறது. அதை மறந்துவிடுங்கள். 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. போலித் தளக்காரனுக்கும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது; அவன் தளத்தின் பெயருக்கு அவன் வாங்கிய உண்மையான சான்றிதழ் அது. சான்றிதழ் சொல்வது 'நீங்கள் பேசுவது இந்தப் பெயருள்ள தளத்தோடுதான்' என்பதை மட்டும். அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வேலை நம்முடையது.

பட்டியலில் உள்ள பெயர்களுக்கு வருகிறேன். டோக்கனைச் செருகியதும் அதன் மென்பொருள், டோக்கனுக்குள் இருக்கும் உங்கள் பெயருக்கான சான்றிதழின் நகல் ஒன்றை விண்டோஸில் வைக்கிறது. டோக்கனை உருவிய பிறகும் அது சில நேரம் அங்கேயே தங்கிவிடும். உங்கள் பெயர் இரண்டு முறை வருவது, காலாவதியானது ஒன்று, புதியது ஒன்று. 'மேனேஜ் யூசர் சர்டிபிகேட்ஸ்' பக்கத்தில் 'பர்சனல்' அடுக்குக்குள் போனால் இவற்றைக் காணலாம். அங்கே அழித்தால் போவது வெறும் நகல்தான். கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி டோக்கனின் சில்லுக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருப்பது, அதை வெளியே எடுக்கவும் முடியாது. எனவே காலாவதியானதையும் கணவருடையதையும் அந்த இடத்தில் தாராளமாக நீக்கலாம், ஜி.எஸ்.டி. நிற்காது. தவறுதலாகப் புதியதை நீக்கிவிட்டாலும் டோக்கனை மறுபடி செருகினால் வந்துவிடும்.

ஆனால் இதே 'டெலீட்' என்ற சொல் இன்னொரு இடத்திலும் இருக்கிறது, அங்கே மட்டும் கை வைக்காதீர்கள். டோக்கனோடு வரும் மேலாண்மை நிரலில், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் 'டெலீட்' அழுத்தினால் போவது நகல் இல்லை, சாவியே போய்விடும். 'இனிஷியலைஸ்', 'ஃபார்மேட்' என்று இருப்பவையும் அப்படித்தான். திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது; விண்ணப்பம், வீடியோ, கட்டணம் எல்லாம் முதலிலிருந்து. ஒரு ஜி.எஸ்.டி. கடைசி நாள் இரவில், இடம் சுத்தம் செய்கிறேன் என்று ஒருவர் இதைச் செய்துவிட்டு எனக்குப் போன் போட்டிருக்கிறார். ஆறுதல் சொல்வதைத் தவிர நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கணவரின் டோக்கன் எங்கே இருக்கிறது அம்மா? இதை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். பட்டியலில் அவர் பெயர் இன்னும் வருகிறது என்றால், உங்கள் கணினியில் அது என்றோ செருகப்பட்டிருக்கிறது. அவர் இருக்கும்போது செருகியதன் மிச்சமாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சான்றிதழ்கள் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை செல்லுபடியாகும். இறந்தவரின் சான்றிதழ் தானாகச் சாகாது. வசதியாக இருக்கிறதே என்று யாராவது அதைக் கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பின்னால் பதில் சொல்ல வேண்டியது கம்பெனியும் நீங்களும். சான்றிதழில் 'இஷ்யூட் பை' என்ற இடத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழை இணைத்து எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள். கம்பெனிப் பதிவாளரிடம் அவர் டைரக்டராக இல்லை என்ற படிவம் தாக்கல் ஆனதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அதற்குச் சட்டம் தந்த அவகாசம் 30 நாள்.

இனி ஸ்டிக்கர் ஒட்டிய டோக்கன்.

எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்து வைப்பீர்களா? உறவுக்காரராகவே இருந்தாலும் கரூரில் எந்தத் தொழில்காரரும் அதைச் செய்யமாட்டார். பாஸ்வேர்டு ஒட்டிய டோக்கன் அதைவிட ஒரு படி மேல். புரோநோட்டு ஒரு தாள். இது தீராத கட்டு. போட்ட கையெழுத்து உங்களுடையது இல்லை என்று எழுத்து நிபுணரிடம் காட்டி வாதாடவும் முடியாது, ஏனென்றால் அது உங்களுடையதேதான்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 42, இதை நேராகவே பேசுகிறது. சான்றிதழ் பெற்றவர் தன் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும். சாவி கைமீறிப் போனால் சான்றளித்த நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. 'ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தது, எனக்குத் தெரியாது' என்பது அந்தப் பிரிவின் முன்னால் நிற்காது. இன்னொருவரின் மின்னணுக் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துபவருக்குப் பிரிவு 66சி-யின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அது நடந்த பிறகு, நிரூபித்த பிறகு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரும் தொழிலும் வேண்டாம். அண்ணன் தம்பி இருவரும் டைரக்டர்கள், இரண்டு டோக்கனும் ஒரே இழுப்பறையில், ஒரே ரப்பர் பேண்டில். மனஸ்தாபம் வந்த மாதத்தில் தம்பி தன்னிடம் வந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்தால், தான் பதவி விலகிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அவர் கையெழுத்தோடுதான். அலுவலகத்தில் யாரும் எதையும் திருடவில்லை, யார் கேட்டார்களோ அவர்களிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. உங்கள் கொழுந்தனாரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இழுப்பறையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஆடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரம் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. கடைசி நாட்களான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஒன்றாக வரும்போது, ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஓட அவர்களால் முடியாது. அதனால் பிறந்த வழக்கம் இது. வழக்கத்தை மாற்ற நடைமுறையில் ஒரு வழி வேண்டும், அது இருக்கிறது. மாதாமாதம் வருவது ஜி.எஸ்.டி. மட்டும்தான். உங்களைப் போன்ற கம்பெனிகள் அதில் டோக்கன் கொண்டே கையெழுத்திட வேண்டும். ஆனால் அது உங்கள் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நம்பிக்கையான கணக்குப்பிள்ளை ஒருவரைத் தீர்மானம் போட்டு, அங்கீகாரம் பெற்ற கையொப்பதாரராக ஜி.எஸ்.டி. தளத்தில் சேர்க்கலாம். அவருக்கு அவர் பெயரிலேயே சான்றிதழ் எடுத்துக் கொடுங்கள். அவர் கையெழுத்து, அவர் பொறுப்பு, ஜி.எஸ்.டி.யோடு அதன் எல்லை முடிந்தது. வேலையை விட்டுப் போனால் ஒரே நாளில் எடுத்துவிடலாம். உங்கள் டோக்கன் அப்போது வருமான வரிக்கும் கம்பெனிப் பதிவாளர் படிவங்களுக்கும் ஏற்றுமதித் துறை வேலைக்கும் வருடத்தில் சில நாள் மட்டும் தேவைப்படும். அந்த நாட்களில் நீங்களே எடுத்துப் போய், படிவத்தைப் படித்து, கையெழுத்திட்டு, எடுத்து வந்துவிடலாம். நகைப் பெட்டி இருக்கும் பீரோவில் இன்னொரு சின்னப் பொருளுக்கு இடம் இருக்கும்.

டோக்கன் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது இரண்டு. முதலில் பாஸ்வேர்டு. அந்த ஸ்டிக்கரில் இருப்பது 12345678 என்றால் நான் ஆச்சரியப்படமாட்டேன், பல டோக்கன்கள் அப்படித்தான் வருகின்றன. டோக்கன் நிரலில் 'சேஞ்ச் பாஸ்வேர்டு' என்ற இடத்தில் மாற்றுங்கள். புதியதை ஒரு தாளில் எழுதி, டோக்கன் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள். வங்கிக் கணக்குபோல 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தி மீட்க இதில் வழி கிடையாது. தொடர்ந்து தவறாகக் கொடுத்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், பிறகு பெரும்பாலும் புதிய சான்றிதழ்தான்.

இரண்டாவது, சான்றிதழைத் திறந்து படியுங்கள். 'பர்சனல்' அடுக்கில் உங்கள் பெயர் மேல் இரண்டு முறை தட்டினால் திறக்கும். முதல் பக்கத்தில் யாருக்கு, யாரால், எதுவரை என்பது இருக்கும். 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'சப்ஜெக்ட்' என்ற வரியைத் தொட்டால், உங்கள் பெயர், மாநிலம், அஞ்சல் குறியீடு வரும். நீளமான ஒரு எழுத்துக்கோவையும் வரும், அது உங்கள் பான் எண்ணிலிருந்து கணக்கிட்டுப் பெற்றது. பயப்பட வேண்டாம், அந்த எண் அப்படியே அதில் எழுதப்பட்டிருக்காது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதே பக்கத்தில் 'சப்ஜெக்ட் ஆல்டர்நேடிவ் நேம்' என்ற வரியில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியை. அது உங்களுடையதா? விண்ணப்பத்தை வேகமாக முடிக்க, இடைத்தரகர்கள் தங்கள் மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் போட்டுவிடுவது உண்டு. அப்படியானால் சான்றளித்த நிறுவனம் அனுப்பும் எல்லாத் தகவலும் அவருக்குப் போகும், ரத்து செய்ய நீங்கள் கேட்டாலும் ஓ.டி.பி. அவர் கைக்கே போகும். மின்னஞ்சல் வேறு யாருடையதோ என்றால், இந்தச் சான்றிதழை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுங்கள். செலவைப் பார்க்காதீர்கள். எடுத்த பிறகு ஜி.எஸ்.டி., வருமான வரி, கம்பெனிப் பதிவாளர் ஆகிய தளங்களில் புதியதைத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் கடைசி நாளில் 'டோக்கன் பொருந்தவில்லை' என்று வந்து நிற்கும்.

ஆடிட்டரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் உங்கள் கடிதத்தின் இடுக்கில் தெரிகிறது. கணவர் காலத்து நட்பு, சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ என்று. சந்தேகம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். 'வங்கியில் கேட்கிறார்கள்' என்று பொய்யும் வேண்டாம். 'டோக்கனை இனி நானே வைத்துக்கொள்கிறேன், தேதி சொல்லுங்கள், எடுத்து வருகிறேன்' என்றால் போதும். காரணம் கேட்டால், மகள் வைத்திருக்கச் சொன்னாள் என்று அவள் மேல் பழியைப் போடுங்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அதற்குத்தான் உதவுவார்கள். வாங்கும்போது உங்கள் பழைய டோக்கன், புதியது, கணவருடையது மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஸ்டிக்கரை அங்கேயே கிழித்துவிடலாம்.